ஒபரேஷனுக்குப் பிறகு வலி: பட்டன் யார் கையில்?

(மாத்தளை மாவட்டத் தோட்டம் ஒன்றின் மாதர் சங்கத்தினருக்காக நடத்தப்பட்ட சுகாதார விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வாசகர்களுக்கு இலகுவாக இருக்கும் என்பதால் பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



காலையில பெரட்டுக்குப் போயி, மலையில நின்னு, கொழுந்து நிறுத்துட்டு, வீட்டு வேலையையும் பாதியில விட்டுட்டு இங்க வந்து உட்கார்ந்திருக்கிறீங்க. அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வர்றேன். இன்றைக்கு நான் பேசப் போறது ஒபரேஷன் செய்த பிறகு வருகிற வலியைப் பத்தி. அந்த வலியைக் குறைக்க, நோயாளியே தன் கையால பட்டனை அமுக்கி மருந்து எடுத்துக்கொள்ளும் ஒரு முறை இருக்கிறது. அதைப் பத்தியும், அந்த மெஷின் இல்லாத ஆஸ்பத்திரியில நாம என்ன செய்யணும் என்பதைப் பத்தியும் சொல்றேன்.

இந்தக் கூட்டத்தில் இருக்கிற தாய்மாரில் சிசேரியன் செய்தவங்க இருப்பீங்க. எல்.ஆர்.டி. செய்தவங்க இருப்பீங்க. கருப்பை எடுத்தவங்க, பித்தப்பைக் கல்லுக்கு ஒபரேஷன் செய்தவங்க இருப்பீங்க. ஆம்பிளைகளில் குடலிறக்கத்துக்கும், மலையில விழுந்து முறிந்த காலுக்கும் ஒபரேஷன் செய்தவங்க இருப்பீங்க. ரத்தோட்டைப் பக்கமிருந்து போனாலும், உக்குவெலைப் பக்கமிருந்து போனாலும், நமக்குப் பெரிய ஒபரேஷன் என்றால் மாத்தளை, இல்லாட்டி கண்டி, பேராதனை. அங்க கட்டில்ல படுத்திருக்கும்போது வாட்டு ரவுண்டுல டொக்டர் வந்து "எப்படி இருக்கு?" என்று கேட்டால் நம்ம ஆளுங்க சொல்ற பதில் ஒண்ணுதான். "பரவாயில்லைங்க ஐயா." பல்லைக் கடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கிட்டு, "பரவாயில்லைங்க."

வெயில், மழை, அட்டைக்கடி, தலையில கூடைக் கயிறு, இதெல்லாம் பொறுத்துப் பழகின சனம் நாம. பொறுமை நல்ல குணம்தான். ஆனால் ஒபரேஷன் காயத்து வலியைப் பொறுத்துக்கொண்டு சும்மா கிடப்பது உடம்புக்குக் கெடுதி. ஏன் என்று முதலில் சொல்றேன்.

வலியைப் பொறுத்தால் என்ன கெடுதி?

வயித்துல ஒபரேஷன் செய்த ஒருத்தருக்கு வலி அடங்கவில்லை என்று வையுங்க. அவர் ஆழமா மூச்சு எடுக்க மாட்டார், எடுத்தால் காயம் இழுக்கும். இருமல் வந்தால் அடக்கிக்கொள்வார். அப்போது நெஞ்சில் சளி தேங்கும். தேங்கின சளியில் கிருமி சேர்ந்தால் நியூமோனியா வரும். ஒபரேஷன் நல்லபடி முடிந்தும் ஒருத்தர் கஷ்டத்துக்குப் போறது இப்படித்தான்.

அடுத்தது, வலிக்கு பயந்து அவர் கட்டிலை விட்டு எழும்ப மாட்டார். காலை அசைக்காமல் கிடந்தால் கால் நரம்புக்குள்ளே இரத்தம் உறையும். உறைந்த கட்டி கழன்று நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. பிள்ளை பெற்ற தாய்மாருக்கு இந்த இரத்த உறைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட.

இன்னும் இருக்கு. வலி இருந்தால் தூக்கம் இல்லை. சாப்பாடு இறங்காது. பிரசரும் நாடித்துடிப்பும் ஏறும். சிசேரியன் செய்த தாய் பிள்ளையைத் தூக்கிப் பால் கொடுக்கச் சிரமப்படுவாள். சில பேருக்கு ஆரம்பத்தில் அடக்காத வலி, காயம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் போகாமல் நிற்கும். ஆகவே வலியைக் குறைக்கிறது என்பது சொகுசு கேட்பது அல்ல. காயத்துக்கு மருந்து கட்டுவது மாதிரி அதுவும் வைத்தியத்தில் ஒரு பகுதி.

ஊசிக்குக் காத்திருக்கிற நேரம்

பல வருஷமா நடந்து வருகிற முறை என்ன? நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்று தசையில் மோர்பின் அல்லது பெத்திடின் ஊசி. இரண்டும் நல்ல மருந்துதான். குறை எங்கே என்றால் நேரத்தில்.

நோயாளிக்கு வலி கூடுது. மிஸ்ஸைக் கூப்பிடணும். மிஸ் வேற கட்டில்ல வேலையா இருப்பாங்க. இந்த மருந்துகள் சட்டப்படி கட்டுப்பாடு உள்ளவை. அலுமாரியில பூட்டி, பதிவுப் புத்தகத்துல எழுதி, கணக்குக் காட்டித்தான் எடுக்கணும். எடுத்து, சரிபார்த்து, ஊசி போட்டு, அது தசையில இருந்து இரத்தத்துல சேர்ந்து வேலை செய்ய இன்னும் கொஞ்ச நேரம். அதுவரைக்கும் வலி. பிறகு மருந்து ஒரேயடியா ஏறும். ஆள் மயங்கித் தூங்குவார், சில பேருக்கு வாந்தி வரும். பிறகு மருந்து இறங்கும், மறுபடியும் வலி. ஒரு நேரம் வெள்ளம், ஒரு நேரம் வறட்சி. வாட்டு நிறைய நோயாளி, வேலைக்கு ரெண்டு மூணு மிஸ்மார் என்றால் இது யாருடைய குற்றமும் இல்லை. முறையிலேயே இருக்கிற குறை அது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்க. ஒரே ஒபரேஷன், ஒரே நிறை, ஒரே வயசு என்று இருந்தாலும் ரெண்டு பேருக்கு வேண்டிய மருந்து ஒண்ணா இருக்காது. ஒருத்தருக்குக் காணும் என்கிற அளவு மற்றவருக்கு எட்டாது. கொழுந்தை நிறுக்கத் தராசு இருக்கு. காய்ச்சலை அளக்க தேர்மோமீட்டர் இருக்கு. வலியை அளக்க அப்படி ஒரு கருவி கிடையாது. அனுபவிக்கிற ஆளுக்குத்தான் தெரியும்.

பட்டன் முறை வந்த கதை

இந்தப் பிரச்சினைக்கு ஒரு வழியை அமெரிக்காவில் பிலிப் செக்சர் என்ற மயக்க மருந்து டொக்டர் யோசித்தார். 1968ஆம் ஆண்டு அவர் இதை எழுதினார். வலி வந்ததும் நோயாளி கேட்க வேண்டியது. கேட்டவுடன் தாதி ஒருவர் நரம்பு வழியாகச் சின்ன அளவு மருந்து கொடுக்க வேண்டியது. கவனியுங்க, முதலில் மெஷின் கிடையாது. நோயாளியின் சொல்லும், அதைக் கேட்டு மருந்து கொடுக்க ஒரு ஆளும்தான் இருந்தது. ஆனால் ஒரு கட்டிலுக்கு ஒரு தாதியை நாள் முழுக்க நிறுத்தி வைக்க எந்த ஆஸ்பத்திரிக்கும் முடியாது. அதனால் தாதி செய்த வேலையை மெஷினுக்குக் கொடுத்தார்கள். 1971இல் செக்சர் அதைப் பற்றி எழுதினார். 1976இல் பிரித்தானியாவில் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரத்தில் இருந்து "கார்டிஃப் பாலியேட்டர்" என்ற மெஷின் விற்பனைக்கு வந்தது. இப்போது உலகத்தின் பல நாடுகளிலும் இந்த வகை மெஷின்கள் பாவனையில் இருக்கின்றன. இதற்கு ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சுருக்கப் பெயர்: பி.சி.ஏ. நாம "நோயாளி கைப்பட்டன் முறை" என்று வைத்துக்கொள்வோம்.

அதே 1968ஆம் ஆண்டில் மார்கோ மெக்கஃபரி என்ற அமெரிக்கத் தாதியும் ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தார். வலி எவ்வளவு என்று நோயாளி சொல்கிறாரோ அவ்வளவுதான், அதைப் பக்கத்தில் நிற்கிறவர் தீர்மானிக்க முடியாது என்பது அவர் சொன்னதன் சாரம். வலி பற்றி ஆராயும் சர்வதேசச் சங்கமும் 2020இல் தன் விளக்கத்தைத் திருத்தி எழுதியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டது.

மெஷின் எப்படி வேலை செய்கிறது?

கட்டில் பக்கத்தில் ஒரு சின்னப் பம்ப் இருக்கும். அதற்குள்ளே பெரிய சிரிஞ்சில் மருந்து. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று கையில் சேலைன் ஏறுகிற நரம்புக்குப் போகும். இன்னொரு வயரின் முனையில் ஒரு பட்டன், அது நோயாளி கையில். வலி வந்தால் அமுக்க வேண்டியது. ஒரு சின்ன அளவு மருந்து உள்ளே போகும். பெரியவர்களுக்கு மோர்பின் என்றால் வழக்கமாக ஒரு தடவைக்கு 1 மில்லிகிராம்.

அமுக்கிக்கிட்டே இருந்தால் மருந்து அளவுக்கு மீறிப் போகாதா? போகாது. ஒரு தடவை மருந்து போனால், பிறகு 5 நிமிஷத்துக்கோ 10 நிமிஷத்துக்கோ மெஷின் தன்னைப் பூட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் நூறு தடவை அமுக்கினாலும் ஒரு துளி போகாது. நேற்றுக் கொழுந்தெடுத்த மலைக்கு இன்றைக்குப் போனால் என்ன கிடைக்கும்? ரவுண்டு வரும்வரை பொறுக்கணும். அது மாதிரி இதுக்கும் ஒரு ரவுண்டு வைத்திருக்கிறார்கள். முன்னால் போன மருந்து வேலை செய்ய நேரம் கொடுப்பதற்காக அது. ஒரு தடவைக்கு எவ்வளவு, எத்தனை நிமிஷப் பூட்டு என்பதையெல்லாம் டொக்டர்தான் முன்கூட்டியே அமைப்பார். சாவி வைத்தியசாலை ஆட்களிடம் இருக்கும்.

பூட்டியிருக்கிற நேரத்தில் அமுக்குவதும் வீண் போகாது. எத்தனை தடவை அமுக்கினார், எத்தனை தடவை மருந்து போனது என்று ரெண்டையும் மெஷின் பதிந்து வைக்கும். செக்ரோல்ல பேர் விழுற மாதிரி ஒவ்வொரு அமுக்கும் பதிவாகும். காலையில டொக்டர் வந்து பார்க்கிறார். நாற்பது தடவை அமுக்கியிருக்கிறார், எட்டுத் தடவைதான் மருந்து போயிருக்கிறது என்றால், இந்த ஆளுக்கு வலி அடங்கவில்லை, அல்லது பட்டனைப் பற்றி விளங்கவில்லை என்று அவருக்குத் தெரியும். "பரவாயில்லைங்க ஐயா" என்று வாய் சொன்னாலும் மெஷின் உண்மையைச் சொல்லிவிடும்.

இது மந்திரம் இல்லை என்பதையும் சொல்லணும். 2015இல் 49 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள், நோயாளிகள் 3,400 பேருக்கு மேல். பட்டன் வைத்திருந்தவர்களுக்கு வலி, நூற்றுக்கு ஒன்பது பத்துப் புள்ளி அளவில் குறைவாக இருந்தது. திருப்தி கூட இருந்தது. மருந்து கொஞ்சம் கூடுதலாகப் போனது, உடம்பு அரிப்பும் கூடுதலாக வந்தது. அதாவது நல்ல முறை, ஆனால் வலி முழுக்க மறைந்து போகாது. இருமவும், எழும்பி நடக்கவும், பிள்ளையைத் தூக்கவும் முடிகிற அளவுக்கு வலியை இறக்குவதுதான் நோக்கம்.

இன்னொரு கை அமுக்கக் கூடாது

இதை எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. அந்தப் பட்டனை நோயாளி மட்டும்தான் அமுக்கணும். புருஷன் அமுக்கக் கூடாது, மாமியார் அமுக்கக் கூடாது, பெத்த தாயும் அமுக்கக் கூடாது.

காரணம் இருக்கு. மோர்பின் உடம்பில் கூடினால் முதலில் தூக்கம் வரும். அதுக்கும் மேல போனால்தான் மூச்சு குறையும். தூங்கிவிட்ட நோயாளி பட்டனை அமுக்க மாட்டார். அமுக்காவிட்டால் மருந்து போகாது, ஏறினது தானாக இறங்கும். இதுதான் இந்த முறையின் காவல். பக்கத்தில் இருக்கிற நாம, "பாவம், தூக்கத்துல முனகுது பிள்ளை" என்று பாசத்தில் ஒரு அமுக்கு அமுக்கினால் அந்தக் காவலை நாமே உடைக்கிறோம். தூங்குகிற ஆளுக்கு மேலும் மேலும் மருந்து போய் மூச்சு நின்றுவிடலாம். இப்படி மற்றவர்கள் அமுக்கியதால் உயிர்கள் போனதைப் பார்த்துத்தான், அமெரிக்காவில் வைத்தியசாலைகளின் தரத்தைப் பார்க்கும் ஆணைக்குழு 2004இல் எல்லா ஆஸ்பத்திரிக்கும் எச்சரிக்கை அனுப்பியது.

பாசத்தைக் காட்ட வேறு வழி இருக்கு. பக்கத்தில் இருந்து மூச்சைக் கவனியுங்க. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை, மூச்சு ரொம்ப மெதுவாக, இடைவெளி விட்டு வருகிறது, குறட்டை வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் சத்தம் போட்டு மிஸ்ஸைக் கூப்பிடுங்க. பெரியவர் ஒருவர் நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். எட்டுக்குக் கீழே போவது ஆபத்து. இதுக்கு நலோக்சோன் என்ற மாற்று மருந்து இருக்கு, நேரத்தோடு பார்த்தால் காப்பாற்றலாம்.

அடிக்கடி கேட்கிற மூன்று கேள்விகள்

முதலாவது: "இந்த மருந்துக்கு அடிமையாகிடுவேனா?" ஒபரேஷன் செய்து ரெண்டு மூணு நாள், ஆஸ்பத்திரிக் கண்காணிப்பில், வலிக்கு அளவாக எடுத்தால் அடிமையாவது அபூர்வம். ஆனால் இந்த வகைக் குளிசைகளை வீட்டுக்குத் தாராளமாக எழுதிக் கொடுத்ததால் அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியில் தொடங்கி ஏராளமான பேர் அடிமையாகி, உயிரும் இழந்தார்கள். அதனால் டொக்டர் சொன்ன நாளோடு நிறுத்துங்க. மிச்சக் குளிசையை அடுத்த லயத்துக்குக் கொடுக்காதீங்க. வேறொருத்தர் கொடுத்ததை வாங்கிப் போடவும் வேண்டாம்.

இரண்டாவது: "பால் குடிக்கிற பிள்ளைக்கு ஆகுமா?" தாய்க்கு ஏற்ற மருந்தை டொக்டர் பார்த்துத்தான் கொடுப்பார். வலி அடங்கின தாய்தான் பிள்ளையை அணைத்துப் பால் கொடுக்க முடியும். பிள்ளை வழக்கத்தைவிடக் கூடத் தூங்கினால், பாலுக்கு எழும்பாவிட்டால், மூச்சு விடச் சிரமப்பட்டால் உடனே சொல்லுங்க.

மூன்றாவது: "வாந்தியும் அரிப்பும் வருதே, நிப்பாட்டிடவா?" வாந்தி, அரிப்பு, மலச்சிக்கல், தலைச்சுற்று இந்த மருந்துகளில் வரக்கூடியவை. அதுக்கும் மருந்து இருக்கு. பேசாமல் பட்டனை விட்டுவிட்டு வலியோடு கிடக்க வேண்டாம், சொல்லுங்க.

மெஷின் இல்லாவிட்டால்?

இப்ப நம்ம நிலைமைக்கு வருவோம். இந்த மெஷின் எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லாக் கட்டிலுக்கும் இருக்காது. பம்ப் வேணும், குழாய் வேணும், பார்த்துக்கொள்ளப் பழகின ஆட்கள் வேணும். 2022 மார்ச் மாதக் கடைசியில் மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனை போதனா வைத்தியசாலையிலேயே நாள் குறித்த ஒபரேஷன்களை நிறுத்தி வைக்க வேண்டி வந்ததை நாம மறக்கவில்லை. இல்லாததைக் கேட்டு மிஸ்மாரோடு சண்டை பிடிக்கச் சொல்லி நான் இங்கு வரவில்லை.

ஆனால் செக்சர் தொடங்கின கதையை நினைச்சுப் பாருங்க. முதலில் மெஷின் இல்லை, நோயாளியின் சொல் மட்டும்தான் இருந்தது. அந்தச் சொல் நம்மிடமும் இருக்கிறது. அதுக்குக் காசு வேண்டாம், கரண்டு வேண்டாம். மெஷின் இல்லாத இடத்தில் நம்ம வாய்தான் பட்டன். சொல்லாத வலிக்கு மருந்து வராது.

சொல்வதிலும் ஒரு முறை இருக்கு. வலி உச்சத்துக்குப் போகும் வரை காத்திருக்க வேண்டாம். தொடங்கும்போதே சொன்னால் சின்ன அளவு மருந்தில் அடங்கும். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டு மரத்துப் போகச் செய்திருந்தால், கால் அசைய வரும்போது வலியும் வரப் போகுது என்று அர்த்தம், அப்பவே சொல்லுங்க. பெரசிட்டமோல், அதாவது நம்ம பெனடோல், சாதாரணம் என்று நினைக்காதீங்க. மணி தவறாமல் எடுத்தால் மற்ற மருந்தின் தேவையைக் குறைக்கும். பின்பக்கம் வைக்கிற டைக்குளோபினாக் மருந்தைச் சிலர் வெட்கத்தில் வேண்டாம் என்பாங்க. வேண்டாம் என்று சொல்லாதீங்க, நல்ல பலன் உள்ளது. ஆனால் ஆஸ்துமா, வயிற்றுப் புண், சிறுநீரக நோய் உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லணும்.

எப்படிச் சொல்வது?

"வலிக்குது" என்றால் எவ்வளவு என்று கேட்பாங்க. பத்து விரல் இருக்கு. வலியே இல்லை என்றால் மூடின கை. தாங்கவே முடியாத வலி என்றால் பத்து விரலும். சும்மா படுத்திருக்கும்போது எத்தனை, இருமும்போது எத்தனை என்று ரெண்டையும் காட்டுங்க. மருந்து கொடுத்து அரை மணித்தியாலம் ஒரு மணித்தியாலம் கழித்து மறுபடியும் காட்டுங்க. எட்டாக இருந்தது நாலாகிவிட்டது என்றால் மருந்து வேலை செய்கிறது. எட்டு எட்டாகவே நின்றால் வேறு வழி பார்க்க வேணும் என்று அவங்களுக்கு விளங்கும். கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம்.

பாஷைப் பயம் நமக்கு நிறைய. தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான், 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்திலேயே அது வந்துவிட்டது. தமிழில் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனாலும் ராத்திரி ரெண்டு மணிக்கு வாட்டில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லாவிட்டால் நாலு சிங்கள வார்த்தை கைகொடுக்கும். "மட்ட ரிதெனவா" என்றால் எனக்கு வலிக்குது. "கொடக் ரிதெனவா" என்றால் ரொம்ப வலிக்குது. "வமனே யனவா" என்றால் வாந்தி வருது. "கஹனவா" என்றால் அரிக்குது. "ஹுஸ்ம கன்ன அமாருய்" என்றால் மூச்செடுக்கக் கஷ்டமா இருக்கு. வலிக்கு அவங்க சொல்ற "வேதனாவ" நம்ம வேதனைதான், தூரத்துச் சொந்தம் மாதிரி. பள்ளிக்கூடம் போற பிள்ளைகளிடம் சொல்லி இதை ஒரு துண்டில் தமிழெழுத்தில் எழுதி கிளினிக் புத்தகத்துக்குள்ளே வைத்துக்கொள்ளுங்க.

ஒபரேஷனுக்கு முன்னே மறைக்காமல் சொல்ல வேண்டியவை

மயக்க மருந்து டொக்டர் வந்து கேள்வி கேட்பார். அப்போது எந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது, தூக்கத்தில் பெரிய குறட்டையும் மூச்சுத் தடையும் உண்டா, வேற என்ன குளிசை எடுக்கிறீங்க என்று சொல்லுங்க. சிறுநீரக நோய் இருந்தால் கட்டாயம் சொல்லுங்க. நம்ம மாவட்டத்தில் வில்கமுவப் பக்கம் அந்த நோய் கூட. சிறுநீரகம் பழுதானவர் உடம்பில் மோர்பின் வெளியேறாமல் தங்கும். அண்ணன்மாரே, குடிப்பழக்கம் இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. டொக்டர் அதைக் கேட்பது குற்றம் பிடிக்க இல்லை, மருந்தின் அளவைப் பார்க்க. பட்டன் மெஷின் இருக்கிற இடம் என்றால், ஒபரேஷனுக்கு முதலிலேயே அதைக் காட்டித் தரச் சொல்லிக் கேளுங்க. மயக்கம் தெளிகிற நேரத்தில் சொன்னால் மண்டையில் ஏறாது.

வீட்டுக்கு வந்த பிறகு

துண்டு வெட்டி அனுப்பினதோடு வலி முடிந்துவிடாது. இருமும்போது ஒரு தலையணையைக் காயத்தின் மேலே வைத்து அணைத்துக்கொண்டு இருமுங்க. லயத்து வாசலிலேயே கொஞ்சம் கொஞ்சம் நடங்க. நடக்கப் போவதற்கு முந்தியே குளிசை போட்டுக்கொண்டால் நடை லேசாக இருக்கும். பெனடோல் 500 மில்லிகிராம் என்றால் பெரியவர் ஒரு நாளைக்கு எட்டுக் குளிசைக்கு மேல் போகவே கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்த நிறை உள்ளவர்களுக்கு அளவு அதைவிடக் குறையும், நம்ம பெண்களில் அப்படி நிறையப் பேர் இருக்கிறீங்க. டொக்டர் எழுதின அளவைத் தோட்டத்து டிஸ்பென்சரியில காட்டிக் கேட்டுக்கொள்ளுங்க. தடிமன் குளிசையிலும் பெரசிட்டமோல் இருக்கும், ரெண்டையும் சேர்த்து விழுங்காதீங்க.

அரைப்பேராவது விழட்டும் என்று காயம் ஆற முந்தியே கூடையைத் தூக்குகிறவங்க இருக்கிறாங்க. வீட்டுக் கஷ்டம் தெரியாமல் நான் பேசவில்லை. ஆனால் வலிக் குளிசையைப் போட்டு வலியை மறைச்சுக்கிட்டு மலை ஏறுவது ரொம்ப ஆபத்து. வலிக் குளிசை உங்களை எழுப்பி நடமாட வைக்கத் தந்தது, பாரம் தூக்க வைக்க இல்லை. வீட்டு ஆம்பிளைகள் அந்த நாட்களில் தண்ணியும் விறகும் எடுத்துக் கொடுத்தால் அது எந்தக் குளிசையைவிடவும் நல்லது.

நாளுக்கு நாள் வலி குறைய வேணும். அதுதான் வழக்கம். மூணாவது நாலாவது நாளுக்குப் பிறகு வலி கூடினால், காய்ச்சல் வந்தால், காயம் சிவந்து ஊனம் வடிந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென நெஞ்சு வலித்து மூச்சு வாங்கினால் குளிசை போட்டுப் படுக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரி. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் காசில்லாமல் அம்புலன்ஸ் வரும். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்தச் சந்தியில் வந்து நிற்கிறோம் என்று தெளிவாகச் சொல்லுங்க.

முடிக்கிறேன். நாளைக்கு இந்தத் தோட்டத்தில் இருந்து யாராவது ஒபரேஷனுக்குப் போகும்போது, மாற்று உடுப்பும் சவர்க்காரமும் கொடுத்தனுப்புகிற மாதிரி இந்த நாலு விஷயத்தையும் சொல்லி அனுப்புங்க. வலி தொடங்கும்போதே சொல்லு. விரலைக் காட்டிச் சொல்லு. பட்டன் தந்தால் நீ மட்டும் அமுக்கு. டொக்டர் கேட்டால் "பரவாயில்லை" என்று சொல்லாதே, உள்ளதைச் சொல்லு.